சியாமிய மெட்டும் பியானோவும்: இடறல் சுருதியிலா, தாளத்திலா?

சியாமிய மரபு மெட்டுகளைப் பியானோவுக்கு அமைப்பது குறித்த விவாதங்கள் பெரும்பாலும், அலெக்சாண்டர் எல்லிஸ் 1885இல் சியாமியக் கருவிகளை லண்டனில் அளந்து அறிவித்த ஒரே முடிவிலிருந்து கிளைத்தவை. சியாமிய இசையில் ஒரு ஸ்தாயி ஏழு சம இடைவெளிகளாகப் பகுக்கப்படுகிறது என்பதும், அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்காகிய ‘சென்ட்’ அளவில் ஒவ்வோர் இடைவெளியும் ஏறத்தாழ 171 என்பதும் அம்முடிவு. டேவிட் மார்ட்டன் 1976இல் வெளியிட்ட நூலும் இதையே வழிமொழிந்தது. இக்கணக்கின்படி மூன்றாம் சுரம் 343 சென்ட்டில் நிற்க, பியானோ 300, 400 என்ற இரண்டில் ஒன்றையே தர இயலும் என்பதால், மெட்டு அதில் சிதைந்தே ஒலிக்கும் என்றாகிறது.

இவ்வாதத்தின் அடித்தளம் அது காட்டிக்கொள்ளும் அளவுக்கு உறுதியானதன்று. இடைவெளிகள் சமமாக அமைய வேண்டும் என்பதே நோக்கம் என்று சியாமிய இளவரசர் பிரிஸ்தாங் கூறியதை எல்லிஸே பதிவுசெய்கிறார். நோக்கம் வேறு, ஒலிப்பு வேறு. ‘ரனாத் ஏக்’ எனப்படும் மரச்சட்டக் கருவியில் ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் தேன்மெழுகும் ஈயத்தூளும் கலந்த உருண்டை ஒட்டப்படுகிறது. உருண்டையைப் பெருக்கினால் சுருதி இறங்கும், சுரண்டினால் ஏறும். கலைஞரின் செவியே அங்கு அளவுகோல். குரலும் ‘சோ’ என்னும் வில்லிசைக் கருவிகளும் சுரத்தை வளைத்தே செல்வன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சம இடைவெளியை விதியாகக் கொள்வதை ஆய்வாளர் ஜான் கர்சோலி 2015இல் மறுத்தது நியாயமே. தவிர, ஐந்தாம் சுரத்தில் எல்லிஸின் கணக்குக்கும் பியானோவுக்கும் உள்ள வேறுபாடு 14 சென்ட் மட்டுமே.

உண்மையான இடறல் தாளத்தில் இருக்கிறது. சியாமிய எண் குறிமுறையில் நான்கு இடங்கள் கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தம் கடைசி இடத்தில் விழுகிறது. ‘சிங்’ என்னும் சிறு தாளத்தின் அடைத்த ஒலியாகிய ‘சப்’ அழுத்தமான முடிவைக் காட்டுகிறது. மேற்கத்தியக் குறிமுறையில் அழுத்தம் பகுப்புக் கோட்டை அடுத்த முதல் அடிக்கு உரியது. ‘லாவ் துவாங் துவான்’ மெட்டை எடுத்துக்கொள்ளலாம். (பெயரிலுள்ள ‘லாவ்’ பிறப்பிடத்தைச் சுட்டுவதன்று, இசைச் சாயலையே சுட்டுகிறது.) எண் கட்டத்தை அப்படியே ஒரு கோட்டளவாக மாற்றி இடக்கையின் ஒத்திசைச் சுரங்களை அதன் தொடக்கத்தில் வைத்தால், மெட்டு சென்று தங்கும் சுரம் ஆதரவின்றி நிற்கும், கோட்டை ஓர் இடம் முன்னே நகர்த்தினால் அதே சுரங்கள் அதே மெட்டாகக் கேட்கும். சுருதியில் ஒரு சென்ட்டும் மாறாமலே நிகழும் வேறுபாடு இது.

இளவரசர் டம்ரோங்கின் முயற்சியால் 1930இல் தொடங்கிய, சியாமிய இசையைக் குறிமுறைப்படுத்தும் பணியில் முன்னின்ற பிரா சென் துரியாங் (1883–1968) மேற்கத்தியக் கோட்டுமுறையையே கையாண்டார். பியானோ அமைப்புகளுக்கு வழி திறந்தது இப்பணியே என்று கொள்வதற்கு நேரடிச் சான்று குறைவு. எனினும் ரனாத் ஏக் இயல்பாகவே இரு ஸ்தாயிகளில் ஒருசேர வாசிக்கப்படுவது, பியானோக் கைக்கு எளிதில் படியும் வடிவம் என்பதை மறுக்க இயலாது. நீள் சுரத்துக்கான ‘க்ரோ’ என்னும் உருட்டடி மட்டும் அவ்வாறு படிவதில்லை. பியானோவில் அது பெரும்பாலும் நடுக்கமாகவோ சிதறிய ஒத்திசையாகவோ மாறுகிறது.

‘லாவ் துவாங் துவான்’ எந்த ஆண்டில் இயற்றப்பட்டது என்பதில் ஒருமித்த கருத்தில்லை. இயற்றிய இளவரசர் பென்பட்டனபோங் 1909இல் மறைந்தார் என்பதே மேல் எல்லை. ‘மாட்டுவண்டிப் பயணம்’ என்று பொருள்படும் பெயரே அதற்கு முதலில் இருந்தது.