“அவர்களும் பெண்களே”: இலங்கைப் பெண்கள் வாக்குரிமைச் சங்கமும் மலையகத் தமிழ்ப் பெண்களின் வாக்கும் (1927 – 1949)

ஆய்வுச் சுருக்கம்

1927ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பில் தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கம், இலங்கையில் பெண்கள் வாக்குரிமை பெறுவதற்குக் காரணமான அமைப்புகளுள் முதன்மையானது. அது முன்வைத்த கோரிக்கை வரையறுக்கப்பட்ட வாக்குரிமையே. அதன் செயலாளர் ஆணைக்குழு முன் அளித்த விடையோ எல்லாப் பெண்களையும் தழுவியது. இவ்விரண்டிற்கும் இடையிலான வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது. பெண்ணின் வாக்கு தந்தை, கணவன் ஆகியோரின் சட்டநிலையோடு பிணைக்கப்பட்டிருந்ததே மலையகத் தமிழ்ப் பெண்கள் அவ்வுரிமையை எளிதில் இழக்க வழிவகுத்தது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: பெண்கள் வாக்குரிமை, டொனமூர் ஆணைக்குழு, மலையகத் தமிழர், வதிவிட உரிமை, குடியுரிமை

1. முன்னுரை

ஆசியாவின் குடியேற்ற நாடுகளுள் வயதுவந்த ஆண், பெண் இருபாலார்க்கும் சமமான வாக்குரிமையை முதலில் பெற்றது இலங்கையாகும். 1931ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடைபெற்ற அரசாங்க சபைத் தேர்தலில் 21 வயது நிறைந்த பெண்கள் வாக்களித்தனர். சென்னை மாகாணத்தில் 1921ஆம் ஆண்டிலேயே பால் அடிப்படையிலான தடை நீக்கப்பட்டிருந்தபோதிலும், சொத்துத் தகுதி நீடித்தமையால் மிகச் சில பெண்களே வாக்காளராயினர். இப்பின்னணியில் இலங்கையின் மாற்றம் பெரும் பாய்ச்சலாகவே கருதப்படுகிறது.

இம்மாற்றத்தைக் குறித்த வரலாற்றெழுத்து பெரும்பாலும் ஆணைக்குழுவின் தாராள மனப்பான்மையையோ, கொழும்பு உயர்குடிப் பெண்களின் முயற்சியையோ மையப்படுத்துகிறது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்ப் பெண்கள் அவ்வரலாற்றில் எண்ணிக்கையாக மட்டுமே இடம்பெறுகின்றனர். எனினும் “பெண்” என்னும் சொல் யாரையெல்லாம் குறிக்கும் என்ற வினா அவர்களை முன்னிட்டே முதலில் எழுந்தது. அவ்வினாவிலிருந்து தொடங்குவதே இக்கட்டுரையின் அணுகுமுறை.

2. சங்கத்தின் தோற்றமும் கோரிக்கையும்

1927ஆம் ஆண்டு வரை சட்டநிரூபண சபைக்கான வாக்குரிமை கல்வி, சொத்து, வருமானம் ஆகியவற்றில் தகுதி பெற்ற ஆண்களுக்கே உரியதாக இருந்தது. நாட்டு மக்கள்தொகையில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரே வாக்காளர். 1925இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் பெண்களுக்கு வரையறுக்கப்பட்ட வாக்குரிமை வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றியது; ஆயினும் அதை நடைமுறைப்படுத்தும் முனைப்பு காங்கிரஸ் தலைவர்களிடம் காணப்படவில்லை.

அரசியலமைப்புச் சீர்திருத்தம் குறித்து ஆராய டொனமூர் பிரபு தலைமையிலான நால்வர் குழு 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தது. அதன் முன் சான்றளிக்கும் பொருட்டு, அடுத்த மாதமே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைக்கப்பட்டது. டெய்சி டயஸ் பண்டாரநாயக்க அதன் தலைவர். ஆக்னஸ் டி சில்வா செயலாளர். கனடாவில் பிறந்து, இலங்கைத் தமிழரை மணந்து, கொழும்பில் மருத்துவப் பணியாற்றிய மேரி இரட்ணம் அதன் முன்னணி உறுப்பினருள் ஒருவர். சிங்களவர், தமிழர், பறங்கியர் என அக்காலத்துப் படித்த குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் அதில் இணைந்தனர்.

சங்கம் கோரியது கல்வியோ சொத்தோ உடைய பெண்களுக்கான வாக்குரிமையை மட்டுமே. தகுதியுள்ள ஆணுக்கு உள்ளது தகுதியுள்ள பெண்ணுக்கும் வேண்டும் என்பது அதன் தர்க்கம். வயதுவந்த அனைவர்க்கும் வாக்கு வேண்டும் என்ற குரல் ஏ. ஈ. குணசிங்க தலைமையிலான தொழிலாளர் இயக்கத்திலிருந்தே எழுந்தது. ஆகவே சங்கத்தைத் தொடக்கம் முதலே சர்வசன வாக்குரிமை இயக்கமாகச் சித்திரிப்பது பொருந்தாது.

3. எதிர்ப்பின் தன்மை

பெண்களின் வாக்குரிமைக்கு வெளிப்படையான எதிர்ப்பு மூத்த தலைவர்களிடமிருந்து வந்தது. அவர்களுள் குறிப்பிடத்தக்கவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். யாழ்ப்பாணத்தில் 1913இல் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவியவர் அவர். எனினும் பெண்ணின் களம் இல்லமே என்றும், அரசியல் அவளது அமைதியைக் குலைக்கும் என்றும் அவர் கருதினார். கல்வியையும் குடிமையுரிமையையும் தனித்தனியே நிறுத்தும் இந்நோக்கு அக்காலத் தமிழ் உயர்குழாத்திடம் பரவலாகக் காணப்பட்டது. பெண் கல்வி இல்லறத்தைச் செம்மைப்படுத்தும் என்ற நம்பிக்கையில் உருவான கல்விக்கூடங்கள், குடிமகளை உருவாக்கும் நோக்கில் தோன்றியவை அல்ல என்பதை இது உணர்த்துகிறது.

இரண்டாவது எதிர்ப்பு மலைநாட்டைப் பற்றியது. தென்னிந்தியாவிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய தொழிலாளர்க்கு வாக்குரிமை கிட்டினால் மத்திய மலைப்பகுதித் தொகுதிகளில் அவர்களே முடிவைத் தீர்மானிப்பர் என்ற அச்சம் சிங்களத் தலைவர்களிடையே நிலவியது. ஆண், பெண், சிறார் எனக் குடும்பமாகவே வேலைக்கு அமர்த்தப்படுவது தோட்டத்து வழக்கம். கொழுந்து பறிப்போருள் பெரும்பான்மையினர் பெண்கள். எனவே பெண்களுக்கு வாக்களிப்பது தோட்டத் தமிழரின் வாக்குகளைப் பெருக்கும் என்பதும் அவ்வச்சத்தில் அடங்கியிருந்தது.

4. ஆணைக்குழுவின் வினாவும் செயலாளரின் விடையும்

சங்கத்தின் தூதுக்குழு ஆணைக்குழுவைச் சந்தித்தபோது, தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என வினவப்பட்டது. அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்பது ஆக்னஸ் டி சில்வாவின் விடை. அவரது பிற்கால நினைவுகூரலின் வழி அறியப்படும் இச்செய்தி, இலங்கைப் பெண்கள் இயக்க வரலாறுகளில் தொடர்ந்து எடுத்தாளப்படுகிறது.

பறங்கியர் குடும்பத்தில் பிறந்த ஆக்னஸ், கண்டியில் வழக்கறிஞராக விளங்கிய ஜார்ஜ் ஈ. டி சில்வாவின் துணைவியார். தோட்டத் தமிழர் வாக்கைக் குறித்த அச்சம் மிகுந்திருந்த மலைநாட்டில் வாழ்ந்தவரே இவ்விடையை அளித்தார் என்பது கருதத்தக்கது. சங்கத்தின் எழுத்துக் கோரிக்கையோடு ஒப்பிடுங்கால் இவ்விடை அதைக் கடந்து செல்கிறது. சொத்தும் கல்வியும் தகுதிகளாக நீடிப்பின் தோட்டத்துப் பெண் ஒருபோதும் வாக்காளராக இயலாது. பெண் என்பதே போதிய காரணம் என்று வாதிடத் தொடங்கியவர், அவ்வாதத்தை ஒரு பகுதிப் பெண்களோடு நிறுத்துவதற்கு நியாயம் காட்ட முடியாது. ஆணைக்குழுவின் வினா, சங்கத்தின் கோரிக்கைக்குள் மறைந்திருந்த இம்முரணை வெளிக்கொணர்ந்தது எனலாம்.

1928இல் வெளியான அறிக்கை, குழந்தை இறப்பு மிகுந்த நாட்டில் தாய்சேய் நலம் போன்ற துறைகளில் பெண்களின் குரல் இன்றியமையாதது எனக் கருதி அவர்களுக்கு வாக்குரிமையைப் பரிந்துரைத்தது. ஆனால் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 30 என வயதெல்லை வகுத்தது. பிரித்தானியாவில் 1918 முதல் நிலவிய ஏற்றத்தாழ்வின் எதிரொலி இது. 1928இல் அங்கு அவ்வேற்றத்தாழ்வு நீக்கப்பட்டது. இலங்கையிலும் இறுதியில் இருபாலார்க்கும் 21 வயதே ஏற்கப்பட்டது. சீர்திருத்தத் திட்டம் முழுவதும் 1929 டிசம்பரில் சட்டநிரூபண சபையில் 19க்கு 17 என்ற வாக்குகளில், இரண்டே வாக்கு வேறுபாட்டில் நிறைவேறியது.

5. வதிவிடத் தகுதி: கணவன் வழி வாக்கு

பெண்களின் வயதெல்லை குறைக்கப்பட்ட அதே காலகட்டத்தில் தோட்டத் தொழிலாளர்க்கான நிபந்தனை இறுகியது. இலங்கையை நிலையான வதிவிடமாகக் கொண்டவர் என மெய்ப்பித்தல், அல்லது கல்வி, சொத்துத் தகுதி பெற்றிருத்தல், அல்லது நிரந்தரக் குடியேற்றச் சான்றிதழ் பெறுதல் என மூன்று வழிகள் வகுக்கப்பட்டன. இரண்டாம் வழி தோட்டத்துப் பெண்ணுக்கு நடைமுறையில் அடைபட்டதே. மலைநாட்டுத் தோட்டங்களில் 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். வாக்குச் சமத்துவம் பேசப்பட்ட காலத்திலேயே கூலிச் சமத்துவமின்மை சட்டவடிவம் பெற்றிருந்தது.

எஞ்சிய வழிகளுள் வதிவிடத் தகுதி நுட்பமான சிக்கல் உடையது. மணமான பெண்ணின் வதிவிடம் கணவனின் வதிவிடத்தையே சாரும் என்பது அக்காலச் சட்டக் கோட்பாடு. ஒரு பெண் எத்தனை ஆண்டுகள் தோட்டத்தில் உழைத்திருப்பினும், அவள் இலங்கையைச் சேர்ந்தவளா என்பது கணவனின் நிலையைக் கொண்டே முடிவு செய்யப்படும். தனிநபராக வாக்காளர் ஆக்கப்பட்டவள், வாக்காளர் பட்டியலின் வாயிலில் மனைவியாகவே நிறுத்தப்பட்டாள். 1931இல் வாக்காளராகப் பதிவு பெற்ற இந்தியத் தமிழர் ஏறக்குறைய 1 லட்சம் பேர். 1939இல் இது 2 லட்சத்தைத் தாண்டியது. இவ்வளர்ச்சிக்குப் பின்னர் பதிவு நடைமுறைகள் கடுமையாக்கப்பட்டன.

6. வாக்குரிமையிலிருந்து வாக்களிப்புக்கு

உரிமை கிடைத்தபின் அதைப் பயன்படுத்தச் செய்தல் அடுத்த பணியாயிற்று. எழுத்தறிவற்றோரும் வாக்களிக்க ஏதுவாக வேட்பாளர்க்கு நிறங்கள் ஒதுக்கப்பட்டு, அந்நிறப் பெட்டிகளில் வாக்குச்சீட்டு இடும் முறை பின்பற்றப்பட்டது. எழுத்தறிவின்மையைக் காட்டிப் பெண்களை விலக்கும் வாதத்தை இவ்வெளிய ஏற்பாடு நடைமுறையில் முறியடித்தது. மேரி இரட்ணம் தொடங்கிய இலங்கை மகளிர் சமிதி கிராமப் பெண்களை நலவாழ்வு, கைத்தொழில், பொதுப்பணி ஆகியவற்றில் ஒருங்கிணைத்தது. 1937இல் அவர் கொழும்பு மாநகர சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1932இல் கொழும்பு வடக்குத் தொகுதியில் வென்ற நேசம் சரவணமுத்து அரசாங்க சபையில் இடம்பெற்ற முதல் தமிழ்ப் பெண்.

தோட்டப்புறத்தில் இப்பணி வேறு வடிவம் கொண்டது. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடியும் பேசியும் பெண்களை அரசியலுக்கு அழைத்தார். கொழும்புச் சங்கம் மனுவையும் தூதுக்குழுவையும் கருவியாகக் கொள்ள, மலையகத்தில் பாட்டும் மேடையும் கருவிகளாயின. இவ்விரு நீரோட்டங்களும் ஓர் அமைப்புக்குள் இணையவில்லை. இதன் விளைவு பின்னர் வெளிப்பட்டது.

வடக்கின் நிலையையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். முழுமையான சுயராச்சியம் வழங்கப்படாமையைக் கண்டித்து யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் விடுத்த அழைப்பையேற்று, 1931 தேர்தலை யாழ்ப்பாணக் குடாநாடு புறக்கணித்தது. நான்கு தொகுதிகள் வெறுமையாயின. 1934இலேயே அவற்றுக்குத் தேர்தல் நடந்தது. சாதி வேறுபாட்டையும் சீதனத்தையும் எதிர்த்த முற்போக்கு அமைப்பின் முடிவே இது. முன்பு வாக்களித்துப் பழகிய சொத்துடைய ஆண்களுக்கு இது ஒரு தேர்தலின் இழப்பு. முதன்முறையாக வாக்குப்பெற்ற பெண்களுக்கோ முதல் வாய்ப்பே மூன்றாண்டுகள் தள்ளிப்போயிற்று.

7. 1948: தந்தை வழிக் குடியுரிமை

விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், வம்சாவளிக் குடியுரிமையைத் தந்தை வழியில் வரையறுத்தது. இலங்கையில் பிறந்தவராயினும், தந்தை இலங்கையில் பிறந்திருத்தல் வேண்டும். அல்லது தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். தாயின் பிறப்பு, மணவுறவில் பிறந்த பிள்ளைகளைப் பொறுத்தவரை, கணக்கில் கொள்ளப்படவில்லை. 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையைக் குடிமக்களுக்கு மட்டுமே உரியதாக்கியது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் நாடாளுமன்றம் சென்றனர்; 1952இல் ஒருவரும் செல்லவில்லை.

இச்சட்டங்கள் இன அடிப்படையிலான உரிமைப் பறிப்பு என்றே பெரிதும் ஆராயப்பட்டுள்ளன. அது சரியே. ஆயினும் அவை பால் அடிப்படையிலும் இயங்கின. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் பிறந்த தாயின் மகளும், தந்தை இந்தியாவில் பிறந்தவராயின் நாடற்றவளானாள். 1931இன் வதிவிடத் தகுதியில் கணவன் வழியாகச் செயல்பட்ட அதே தர்க்கம் 1948இல் தந்தை வழியாகச் செயல்பட்டது. முன்னதை எதிர்க்கும் பொதுவான பெண்கள் அரசியல் உருவாகியிருப்பின், பின்னதற்கு வலுவான மறுப்பு எழ வாய்ப்பிருந்திருக்கும்.

8. முடிவுரை

பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் பங்களிப்பை அதன் மனுவைக் கொண்டு அளந்தால் அது உயர்குடிப் பெண்களின் அமைப்பாகவே தோன்றும். செயலாளரின் விடையைக் கொண்டு அளந்தால் காலத்தை முந்தியதாகத் தோன்றும். இரண்டும் ஒரே அமைப்பின் இரு பக்கங்கள். விடையில் வெளிப்பட்ட கொள்கை, தோட்டத்துப் பெண்களோடு இணைந்த நிறுவன வடிவம் பெறாமையே அதன் வரம்பாயிற்று.

2003ஆம் ஆண்டில் இரு சட்டங்கள் இலங்கையில் நிறைவேறின. ஒன்று, இந்திய வம்சாவளியினருள் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கியது. மற்றொன்று, வம்சாவளிக் குடியுரிமை தாய் வழியாகவும் கிட்டும் எனத் திருத்தியது. மலையகத் தமிழரின் குடியுரிமையும் பெண்களின் சமவுரிமையும் வெவ்வேறு சட்டங்களில், வெவ்வேறு விவாதங்களின் முடிவாக, ஒரே ஆண்டில் சீர்செய்யப்பட்டன. 1927இல் எழுப்பப்பட்ட வினா இவ்விரண்டையும் ஒன்றாகவே கண்டிருந்தது. மலையகப் பெண்களின் அரசியல் வரலாற்றை இனிமேல் ஆராய்வோர் இவற்றைத் தனித்தனியே நோக்காமல், ஒரே உரிமையின் இரு கூறுகளாக நோக்குதல் பயன் தரும்.