இன்றைய உணவும் நாளைய முதலும்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை அடுத்துள்ளது ஆரியசாலை. பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாசர் உருவாக்கிய அங்காடி அச்சாலைக் கடைத்தெரு. தமிழ் வணிகர் பலர் அங்குத் தலைமுறைகளாகத் தொழில் நடத்தி வருகின்றனர். இரவில் கல்லாப் பெட்டியை எண்ணி முடித்த வணிகர் முன் நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: இலாபத்தில் வீட்டுச் செலவுக்கு எவ்வளவு, கடை முதலில் சேர்ப்பது எவ்வளவு? வெளிமாநிலத்தில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பும் நேயர்களுக்கும் இக்கேள்வி புதிதன்று.

இதனை ஒரு நாட்டின் கேள்வியாகக் கொண்டு, 1928ஆம் ஆண்டில் கணித முறையில் ஆராய்ந்தவர் கேம்பிரிட்ஜ் அறிஞர் பிராங்க் ராம்சே. இன்று ஒரு ரூபாயைச் சேமித்தால் இன்றைய இன்பம் சிறிது குறையும். நாளைய இன்பம் சிறிது கூடும். இவ்விரண்டும் சமமாகும் அளவே தக்க சேமிப்பு என்றார் அவர். பின்னால் வருவது என்ற ஒரே காரணத்தால் பிற்காலத்தாரின் இன்பத்தைக் குறைத்து மதிப்பது அறமன்று என்பது அவர் கொள்கை. ஆகவே அவர் கணக்குக் கேட்ட சேமிப்பு, எவரும் வழக்கமாகக் கூறும் அளவினும் மிகப் பெரிதாயிற்று. 1930இல், தம் 26ஆம் வயதிலேயே அவர் மறைந்தார்.

விடுதலை பெற்ற இந்தியாவும் இக்கேள்வியை எதிர்கொண்டது. பேராசிரியர் மகலனோபிஸ் வகுத்த கணித மாதிரி, 1956இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அடிப்படையாயிற்று. முதலீட்டில் மூன்றில் ஒரு பங்கை இயந்திரம் முதலியவற்றை ஆக்கும் தொழில்களுக்கு அளித்தால், நுகர்பொருள் முதலில் மெல்லப் பெருகினும் பின்னர் விரைந்து பெருகும் என்பது அதன் கருத்து. அதே ஆண்டில் பம்பாய்ப் பேராசிரியர்கள் வக்கீலும் பிரம்மானந்தாவும் இதனை மறுத்தனர். உழைப்பவன் உண்ணும் உணவும் உடுக்கும் உடையும் முதலேயாகும். அவை குறைந்தால் வேலைவாய்ப்பும் குறையும் என்றனர். பொறுத்திருக்குமாறு ஏழையைக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதே அவ்வாதத்தின் உயிர்.

இதற்குப் புதிய ஒளி, ஆரியசாலை அமைந்த அந்நகரிலிருந்தே கிடைத்தது. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, முதல் ஐந்தாண்டுத் திட்டத்தை வரைவதில் பங்குகொண்ட கே. என். ராஜ், எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கு வளர்ச்சி ஆய்வு மையத்தை நிறுவினார். 1975இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட அம்மையத்தின் ஆய்வு, தலைக்கு வருமானம் குறைந்த கேரளம் கல்வியிலும் உடல்நலத்திலும் முன்னேறியிருந்ததை எடுத்துக்காட்டியது.

பிள்ளையின் பள்ளிச் சம்பளமும் தாயின் மருந்தும் கணக்கேட்டில் செலவுப் பக்கத்தில் நிற்பவை. ஆயினும் அவையே நாளைய உழைப்பை வளர்க்கின்றன. எவ்வளவு சேமிப்பது என்பதைக் கணிதம் ஆராயலாம். எது செலவு, எது முதல் என்பதை நாமே ஆய்ந்து எழுதுதல் வேண்டும். ஊருக்குப் பணம் அனுப்பும்போது நாம் செய்வதும் அதுவேயன்றோ?