ஐம்பத்தைந்து வருஷமும் பத்து நாளும்

இங்கே நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் குடியுரிமைக்குத்தான் வந்து நிற்கும். "நீங்க எப்ப போட்டீங்க? எத்தனை மாசம் ஆச்சு?" காத்திருப்பது கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நம் மக்களில் ஒரு பகுதியினர் இதே கேள்வியோடு மூன்று தலைமுறை காத்திருந்தார்கள். அது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் இடுக்கிப் பக்கத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர்கள் கங்காணிகள். போடி வழியாக மலையேறினால் மூணாறு. கம்பம் வழியாக ஏறினால் பீர்மேடு. மண்டபம் முகாமில் தங்கிக் கப்பல் ஏறினால் கண்டி, நுவரெலியா. மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து இரண்டு பக்கமும் போனார்கள். அதே பஞ்சம், அதே முன்பணக் கடன், அதே லயம்.

1956 நவம்பர் 1ல் தேவிகுளம், பீர்மேடு, பாலக்காடு எல்லாம் கேரளாவில் சேர்ந்தன. மாநிலம் மாறியது, யாரும் குடியுரிமைக்கு மனு போட வேண்டியிருக்கவில்லை. கடல் தாண்டிப் போனவர்கள் கதை வேறு.

1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 இடங்களில் ஜெயித்தது. அடுத்த வருஷமே வந்தது 1948ன் குடியுரிமைச் சட்டம். அப்பாவோ, அல்லது தாத்தாவும் பூட்டனும் சேர்ந்தோ இலங்கையில் பிறந்ததைக் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த பூட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே போவது? லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். ஓட்டும் போனது.

1949ல் இன்னொரு சட்டம். கல்யாணமானவர் 7 வருஷம், ஆகாதவர் 10 வருஷம் இலங்கையில் தொடர்ந்து வசித்ததை நிரூபித்தால் பிரஜாவுரிமை கேட்கலாம். மனு போட இரண்டே வருஷம். 1951 ஆகஸ்டில் கெடு முடிந்தது. கடைசி நேரத்தில் முண்டியடித்துப் போட்டவையும் சேர்த்து சுமார் 2,37,000 மனுக்கள், அவற்றில் அடங்கியவர்கள் சுமார் 8 லட்சம் பேர்.

மனு போடுகிறவருக்குக் கெடு உண்டு. பதில் சொல்கிறவருக்கு? 1954ல் நேருவும் கொத்தலாவலையும் செய்த ஒப்பந்தத்தில், நிலுவை மனுக்களை இரண்டு வருஷத்தில் முடிக்க முயல்வதாக எழுதினார்கள். அறுபதுகள் வரை இழுத்தது. கடைசியில் கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு.

பேங்கில் ஒரு கடன் மனு வந்தால் இத்தனை நாளில் உண்டு, இல்லை என்று சொல்லியாக வேண்டும். வாடிக்கையாளர் வேறு இடம் பார்க்க வேண்டுமே! பதிலே சொல்லாமல் வைத்திருப்பதும் ஒரு பதில்தான். அந்த லயத்துக்காரர்களுக்குக் கிடைத்தது அதுதான்.

1964 அக்டோபர் 30ல் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பற்றி பிறகு பேசலாம் என்று விட்டார்கள். 1974ல் அவர்களையும் ஆளுக்கு 75,000 என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். 15 வருஷத்தில் முடிக்க வேண்டும். ஏழு பேர் இந்தியாவுக்குப் போனால் நாலு பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்பது கணக்கு. அதாவது ஒருவர் காத்திருப்பு முடிய வேண்டுமானால் இன்னொருவர் கப்பல் ஏற வேண்டும். அண்ணன் இந்தியா, தங்கை இலங்கை என்று குடும்பங்கள் பிரிந்தன.

வந்தவர்களுக்கு நீலகிரியில் டான்டீ தோட்டங்கள், கேரளத்தில் புனலூர் ரப்பர் தோட்டங்கள். வண்டிப்பெரியாறிலிருந்து காட்டுப்பாதையில் போனால் வரும் கவியில், வனவளர்ச்சிக் கழகத்தின் ஏலத்தோட்டத்தில் வேலைக்கு வைக்கப்பட்டவர்களும் அவர்கள்தான். இன்று கவிக்குச் சுற்றுலா போகிறவர்கள், அங்கே தமிழ் பேசுகிறவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று யோசிப்பதில்லை. மலையைத் தாண்டி வரவில்லை, கடலைத் தாண்டித் திரும்பி வந்தவர்கள்.

1984ல் ராமேஸ்வரம் – தலைமன்னார் கப்பல் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட் கையில் வைத்துக்கொண்டே ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே மாட்டிக்கொண்டார்கள்.

2003 அக்டோபரில் இலங்கைப் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கே நிரந்தரமாக வசிக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் குடியுரிமை. பிறகு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பதிந்தார்கள். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கணக்குப்படி, பத்தே நாளில் சுமார் 1,90,000 பேருக்கு வேலை முடிந்தது!

1948லிருந்து 2003 வரை 55 வருஷம். முடிவெடுத்த பிறகு தேவைப்பட்டது பத்து நாள். அப்படியானால் அத்தனை வருஷமும் தாமதித்தது காகிதமோ குமாஸ்தாவோ இல்லை. மனசு வரவில்லை, அவ்வளவுதான். இடையில் செத்துப்போனவர்களுக்கு எந்த நாட்டுக் கணக்கிலும் பெயர் இல்லை.