கேம்பஸ் என்றால் வயல்

மலருக்கு "சரித்திரமா ஏதாவது எழுதிக் குடுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டார். நான் ஒரே ஒரு சொல்லின் சரித்திரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு 'கேம்பஸ்' என்றால் வேலைக்கு ஆள் எடுக்க வருகிற கம்பெனி. "உனக்கு கேம்பஸ்ல கெடச்சிருச்சா?" என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். எங்கள் காலத்தில் அது ஓர் இடம். அதற்கும் முன்னால் அது வெறும் வயல். லத்தீனில் அதற்குச் சமவெளி, வயல் என்றுதான் பொருள். பழைய ரோமில் டைபர் ஆற்றங்கரையில், ஊர் மதிலுக்கு வெளியே, 'கேம்பஸ் மார்டியஸ்' என்றொரு திடல் இருந்தது. போர்ப் பயிற்சியும் அங்கேதான், தேர்தலும் அங்கேதான். 'கேம்ப்', 'சாம்பியன்' எல்லாம் இந்த வேரில் முளைத்தவையே. பிரெஞ்சுக்காரர்களின் சாம்பேனும் அப்படித்தான் (செயலாளர் இதை வெட்டிவிட மாட்டார் என்று நம்புகிறேன்).

கல்லூரிக்குள் இந்தச் சொல் நுழைந்தது அமெரிக்காவில், பிரின்ஸ்டனில். அன்று அதன் பெயர் நியூஜெர்சி கல்லூரி. 1756-இல் அந்த ஊருக்குக் குடிவந்தது. நாசா ஹால் என்ற பெரிய கல்கட்டடம், அதன் முன்னால் திறந்த வெளி. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாதிரி நாலு பக்கமும் கட்டடம் சூழ்ந்த முற்றம் அல்ல. ஹார்வர்டில் தங்கள் இடத்தை 'யார்டு' என்றார்கள், இன்றைக்கும் விடவில்லை.

1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள் அல்லவா? அடுத்த மாதமே பிரின்ஸ்டன் மாணவர்கள் கல்லூரிச் சமையல் கிடங்கில் இருந்த தேயிலையை அள்ளி வந்து வெளியில் குவித்துக் கொளுத்தினார்கள். மணி அடித்தார்கள். மாசசூசெட்ஸ் கவர்னர் ஹட்சின்சனின் கொடும்பாவியையும் எரித்தார்கள். கொடும்பாவிக்கு நம்மூர்ப் பிள்ளைகள் மட்டுமா பேர் போனவர்கள்! இதை சார்லஸ் பீட்டி என்ற மாணவர் கடிதத்தில் எழுதினார். தீ மூட்டிய இடத்தை அவர் 'கேம்பஸ்' என்று குறித்திருக்கிறார். கல்லூரி நிலத்துக்கு அந்தச் சொல் எழுத்தில் வந்ததற்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று அதுதான்.

1768-இல் ஸ்காட்லாந்திலிருந்து தலைவராக வந்த ஜான் விதர்ஸ்பூன்தான் இந்தப் பெயரை வைத்தார் என்று பலர் சொல்வார்கள். அது ஊகம்தான். லத்தீன் தெரியாமல் அந்தக் கல்லூரியில் சேரவே முடியாது. எனக்கென்னவோ பையன்களே கேலியாக வைத்திருப்பார்கள் என்று படுகிறது. பிற்பாடு மற்ற கல்லூரிகளுக்கும் பரவி, வெளியோடு கட்டடங்களையும் சேர்த்து அந்தப் பெயரே சுட்டத் தொடங்கியது.

தமிழில் நாம் 'வளாகம்' என்கிறோம். புதிய சொல் அல்ல. கடல் சூழ்ந்த நிலத்துக்குப் புறநானூற்றிலேயே வந்திருக்கிறது. வளைத்தல், சூழ்தல் என்ற பொருளில் பிறந்தது. வேடிக்கை பாருங்கள்: அவர்கள் சொல்லில் இருப்பது வேலியில்லாத வெளி, நம் சொல்லில் இருப்பது சுற்றி வளைத்த இடம். 'திடல்' என்றிருந்தால் இன்னும் பொருந்தியிருக்கும் என்பது என் கட்சி.

நம் கல்லூரியில் அப்படி மிஞ்சியிருப்பது விடுதிக்குப் பின்னால் இருக்கும் திடல் ஒன்றுதான். அங்கேயும் வகுப்பறைக் கட்டடம் வரப்போவதாகக் கேள்வி. பழைய நூலகத்துக்கு மேல் ஒரு மாடி எழுப்பினால் போதாதா என்று கேட்க, பொதுக்குழுவில் பத்து நிமிஷம் நேரம் வாங்கியிருக்கிறேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள்.