வில்லில் கப்பி மாட்டிய ஆலன்

வில்லை முழுவதும் இழுத்துப் பிடித்துக் குறி பார்த்திருக்கிறீர்களா நண்பர்களே? பழைய வில்லில் இழுக்க இழுக்கப் பாரம் ஏறும், கை நடுங்கும், குறி தப்பும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் இதற்கு ஒரு வழி கண்டார். வில்லின் இரு முனைகளிலும் கப்பி மாட்டினார். அச்சு நடுவில் இல்லாத கப்பி என்பதால், நாணை முழுதாக இழுத்ததும் பாரம் குறைந்துவிடும்! 1966-ல் விண்ணப்பித்தார், 1969 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. டாம் ஜென்னிங்ஸ் என்ற வில் தயாரிப்பாளர் அதைச் சோதித்துப் பார்த்து, உரிமம் வாங்கித் தயாரிக்கவே தொடங்கினார். 'இதெல்லாம் வில்லே அல்ல' என்று எதிர்த்தவர்களும் உண்டு.

இன்று புது காம்பவுண்ட் வில்லின் வேகத்தைக் குரோனோகிராஃப் சொல்லிவிடும். இரண்டு ஒளி உணரிகளை அம்பு கடக்கும் நேரம்தான் கணக்கு. ஆனால் விளம்பரத்தில் வரும் வேகம் பெரும்பாலும் 70 பவுண்டு வில், 30 அங்குல இழுப்பு, 350 கிரெய்ன் (சுமார் 23 கிராம்) அம்பு என்ற அளவில் எடுத்தது. இழுப்பு குறைந்தாலோ, அம்பு கனத்தாலோ வேகமும் குறையும்.

வேகத்தை மட்டும் பார்த்து வாங்கினால் என்ன ஆகும்? குறி பிசகிய அம்பு மானைக் கொல்லாது, காயத்தோடு ஓடவிடும். அதனால் எல்லா அம்புகளும் ஒரே இடத்தில் நெருங்கி விழுகின்றனவா என்பதுதான் முக்கியமான சோதனை. ஆலன் குறைத்த பாரம் கைகொடுப்பதும் அங்கேதான்.