பிறவி வளைவும் பின்னால் வந்த வளைவும்

வரைபடத்தில் ஜூரா மலைகளும் கான்டாப்ரிய மலைகளும் ஒரே ரகமாகத்தான் தெரிகின்றன. பிரான்ஸ்-சுவிட்சர்லாந்து எல்லையில் ஜூரா வில்லாக வளைந்து கிடக்கிறது. வட ஸ்பெயினில் கான்டாப்ரியத் தொடர் ஏறத்தாழ 180 டிகிரி திரும்புகிறது. இவற்றில் எது வளைந்தே பிறந்தது, எது நேராகப் பிறந்து பிறகு வளைக்கப்பட்டது? பாறைக்குள் பதிந்த காயங்களைத்தான் கேட்க வேண்டும்.

ஜூராவின் சுண்ணாம்புக்கல்லில் ரம்பப்பல் போன்ற கறுத்த கோடுகள் ஓடும். ஸ்டைலோலைட் என்பார்கள். அழுத்தம் தாங்காமல் கல் கரைந்துபோக, கரையாத களிமண் மட்டும் தங்கிய தடம் அது. பற்கள் நெருக்குதல் வந்த திசையிலேயே நீண்டிருக்கும். வளைவு நெடுக அளந்தால் அந்தத் திசைகள் இடத்துக்கு இடம் மாறி, வெளிப்பக்கம் நோக்கி விரிகின்றன.

இங்கே அவசரப்படக் கூடாது. நேரான மலையைப் பிறகு வளைத்திருந்தாலும் பற்கள் இப்படியேதான் விரிந்திருக்கும். வழக்கைத் தீர்ப்பது காந்தம். பாறையின் இரும்புத் தாதுத் துகள்கள் அன்றைய வடக்கைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பாறை திரும்பினால் அந்த வடக்கும் கூடவே திரும்பும். ஜூராவில் அது பெரிதாகத் திரும்பவில்லை. ஆகவே, ஏறத்தாழ 1 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆல்ப்ஸ் தள்ளியபோது, டிரையாசிக் கால உப்பு, ஜிப்சம் அடுக்குகளின் மேல் வழுக்கி, வளைந்தபடியே எழுந்த மலை அது.

கான்டாப்ரியாவில் காந்தத் திசைகள் மலையோடு சேர்ந்தே வளைகின்றன. நிமிர்த்திப் பார்த்தால் கிட்டத்தட்ட நேரான தொடர் கிடைக்கிறது. இப்படிப் பின்னால் வளைந்த மலைக்கு 'ஓரோகிளைன்' என்று வாரன் கேரி 1955-இல் பெயரிட்டார்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த சாட்சி, பாறைப் பிளவுகள். கார்போனிஃபெரஸ் காலக் கடைசியில் படிந்த பாறைகளின் பிளவுகள் மலையின் போக்கைப் பின்பற்றித் திரும்புகின்றன. அவற்றின் மேல் கிடக்கும் பெர்மியன் பாறைகளின் பிளவுகள் வளைவைச் சட்டை செய்யாமல் நேராகப் போகின்றன. ஆக, வளைத்த வேலை இரண்டுக்கும் இடையில், சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்துவிட்டது.

ஆழத்திலும் வித்தியாசம் உண்டு. ஜூராவில் நகர்ந்தது பெரும்பாலும் உப்புக்கு மேலிருந்த தோல் மட்டும். கான்டாப்ரியாவிலோ கண்டத்தட்டு முழுத் தடிமனுக்கும் வளைந்தது என்றும், அடியில் தடித்த வேர் கழன்று மூழ்கியது என்றும் ஒரு கருதுகோள் இருக்கிறது. அதே காலத்தில் அங்கே கிரானைட் குழம்பு பொங்கி ஏறியதை அதன் ஆதரவாளர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.