கட்டத்துக்குள் ஒரு டிக்

உங்கள் பெயர்? சொல்லலாம். பிறந்த தேதி? சொல்லலாம். இ-மெயில்? கொடுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். அடுத்ததாக ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'நீங்கள் எந்த இனம்?'

வெள்ளையரா, கறுப்பரா, ஆசியரா, மற்றவரா? கீழே வரிசையாகக் குட்டிக் குட்டிக் கட்டங்கள். ஒன்றில் டிக் அடிக்கவேண்டும்.

இது விசா விண்ணப்பம் இல்லை. வீடியோ கேம். கார் ஓட்டவோ, காட்டில் கோட்டை கட்டவோ, எதிரியைச் சுடவோ உள்ளே நுழைகிற வாசலில் இப்படி ஒரு கேள்வியை வைக்கலாமா? கேம் தயாரிப்பாளர்கள் ஆடுகிறவர்களின் இனத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளலாமா, கூடாதா? மேற்கே இதற்கு இரண்டு கட்சி உண்டு. இரண்டு கட்சியிலும் நல்லவர்களே இருக்கிறார்கள் என்பதுதான் விசேஷம்.

கேட்கவேண்டும் என்பவர்களின் வாதம் எளிமையானது. 2009-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் 150 வீடியோ கேம்களை எடுத்துக்கொண்டு, அதில் வருகிற பாத்திரங்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். கிட்டத்தட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாதிரி. வெள்ளையர்களும் ஆண்களும், நிஜ அமெரிக்காவில் இருப்பதைவிட அதிக விகிதத்தில் கேமுக்குள் இருந்தார்கள். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் பூர்வகுடிகளும் பெண்களும் ரொம்பக் குறைவு. யார் ஆடுகிறார்கள் என்றே தெரியாத கம்பெனிக்கு யாரை விட்டுவிட்டோம் என்று எப்படித் தெரியும்? அதனால் கேளுங்கள், எண்ணுங்கள், திருத்துங்கள்.

நியாயம்தானே? வணிகவியல் படித்தவர்களுக்கு இந்த வாதம் உடனே பிடித்துப்போகும். கணக்கு இல்லாமல் நிர்வாகம் ஏது?

ஆனால் கணக்குப் புத்தகத்துக்கு ஒரு குணம் உண்டு. எழுதியவர் போன பிறகும் அது அங்கேயே இருக்கும். அடுத்து யார் வந்து புரட்டினாலும் ஒளிவுமறைவு இல்லாமல் காட்டும். இதை மிகக் கொடூரமான முறையில் தெரிந்துகொண்ட ஒரு தேசம் உண்டு. நெதர்லாந்து.

ஐரோப்பாவிலேயே மக்கள் பதிவேட்டை அவ்வளவு நேர்த்தியாக வைத்திருந்த நாடுகள் குறைவு. பிறப்பு, திருமணம், வீடு மாறியது எல்லாம் ஏடாக இருந்தது. 1930-களில் ஆளுக்கொரு அட்டையாக மாறியது. அந்த அட்டையில் மதத்துக்கும் ஓர் இடம். யாரையும் கொல்லவேண்டும் என்று நினைத்து அந்த இடத்தை விட்டு வைக்கவில்லை. சாதாரண நிர்வாகம். மக்களும் சாதாரணமாகச் சொன்னார்கள்.

இந்தப் பதிவேடுகளுக்கெல்லாம் மேலாளராக இருந்தவர் யாகோப் லென்ட்ஸ். அவர் நாஜி இல்லை. யூதர்கள்மீது தனிப்பட்ட வெறுப்பு கொண்டவராகவும் அறியப்படவில்லை. அவருக்கு இருந்தது வேறு வியாதி. வேலை சுத்தமாக இருக்கவேண்டும்! போலியே தயாரிக்க முடியாத ஓர் அடையாள அட்டையை வடிவமைத்தார். 1940-ன் தொடக்கத்தில் டச்சு அரசு அதை வேண்டாம் என்று ஒதுக்கியது. குடிமகன் ஒவ்வொருவரையும் குற்றவாளி மாதிரி நடத்துவது நம் மரபு இல்லை என்பது காரணம்.

1940 மே மாதம் ஜெர்மானியப் படை உள்ளே வந்தது. புதிய எஜமானர்கள் லென்ட்ஸின் அட்டையைப் பார்த்தார்கள். ஆஹா, பிரமாதம்!

1941 ஜனவரியில் ஓர் ஆணை. தாத்தா, பாட்டிகளில் ஒருவர் யூதராக இருந்தாலும் வந்து பதிவு செய்துகொள்ளவேண்டும். கவனியுங்கள், பழைய பதிவேடு கேட்டது மதத்தை. இவர்கள் கேட்டது இனத்தை. ஆனால் பழைய பதிலை வைத்துப் புதிய பதிலைச் சரிபார்க்க முடியும். 'நான் இல்லை' என்று பொய் சொன்னால் அட்டை காட்டிக்கொடுத்துவிடும். சுமார் 1,60,000 பேர் பதிந்துகொண்டார்கள். ஆணையை மீறியவர்கள் மிகச் சிலரே.

ஆம்ஸ்டர்டாம் நகராட்சி இன்னும் ஒரு படி மேலே போனது. நகரத்தின் வரைபடம் ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தது. அதில் கறுப்புப் புள்ளிகள். ஒரு புள்ளிக்குப் பத்து யூதர்கள். எந்தத் தெருவில் நெருக்கம், எங்கே கலைசல் என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அதில் ஒரு பெயர்கூட இல்லை. பெயர் தேவைப்படவும் இல்லை.

அப்புறம் அடையாள அட்டையில் 'ஜே' முத்திரை. 1942 ஜூலையிலிருந்து ரயில்கள். சுமார் 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. நூற்றுக்கு எழுபத்தைந்து. பக்கத்து பெல்ஜியத்தில் சுமார் நாற்பது, பிரான்சில் சுமார் இருபத்தைந்து. இந்த வித்தியாசத்துக்கு வரலாற்றாசிரியர்கள் பல காரணங்களைச் சொல்வார்கள். ஜெர்மானிய ஆட்சியின் பிடி, ஒளிந்துகொள்ள மலையோ காடோ இல்லாத தட்டை நிலம், எல்லாம் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் பதிவேடு தவறாமல் இடம்பெறும்.

காகிதம்தான் எமன் என்பது சிலருக்குப் புரிந்தது. அவர்கள் ராணுவத்தினர் இல்லை. ஓவியரும் எழுத்தாளருமான வில்லெம் அரோன்டேயுஸ், சிற்பி கெரிட் வான் டெர் வேன், இன்னும் சில நண்பர்கள். 1943 மார்ச் 27 இரவு. போலீஸ் உடுப்பை மாட்டிக்கொண்டு, ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சி சாலையை ஒட்டியிருந்த பதிவு அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். காவலாளிகளைக் கொல்லவில்லை. மயக்க ஊசி போட்டு, பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துத் தோட்டத்தில் கிடத்தினார்கள். இழுப்பறைகளைத் திறந்து அட்டைகளைக் கீழே கொட்டினார்கள். வெடி வைத்தார்கள்.

தீயணைப்புப் படை வந்தது. மெதுவாகத்தான் வந்தது! வந்த பிறகும் தேவைக்கு அதிகமாகவே தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது. தீயில் தப்பிய அட்டைகள் தண்ணீரில் நனைந்து கூழாகட்டுமே என்ற நல்லெண்ணம்.

இத்தனை செய்தும் அழிந்தது எவ்வளவு? எட்டு லட்சம் அட்டைகளில் சுமார் பதினைந்து சதவிகிதம். அவ்வளவுதான். அரோன்டேயுஸ் உள்பட பன்னிரண்டு பேரை அந்த ஜூலையில் சுட்டுக் கொன்றார்கள். வான் டெர் வேன் அப்போது தப்பினார். அடுத்த ஆண்டு அவருக்கும் அதே முடிவு.

அட்டைகளின் நகல் ஹேக் நகரத்தில் ஒரு மாளிகையில் இருந்தது. 1944 ஏப்ரலில் பிரிட்டிஷ் விமானங்கள் ஆறு தாழப் பறந்து வந்து அந்த ஒரே கட்டடத்தின்மீது குண்டு போட்டன. உள்ளே வேலை பார்த்த ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். யோசித்துப் பாருங்கள். ஒரு கட்டத்தில் டிக் அடிக்க ஒரு வினாடி. அந்த டிக்கை அழிக்க விமானப்படை தேவைப்படுகிறது.

'அதெல்லாம் ஹிட்லர் காலம் சார், ஜனநாயக நாட்டில் நடக்குமா?'

நடந்தது. அமெரிக்காவில். 1940 கணக்கெடுப்பில் சேகரித்த விவரம் ரகசியம் என்பது சட்டம். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதல். 1942 மார்ச்சில் போர்க்காலச் சட்டம் ஒன்று அந்த ரகசியத்தை நீக்கியது. எந்தப் பகுதியில் எத்தனை ஜப்பானிய வம்சாவளியினர் இருக்கிறார்கள் என்ற கணக்கை சென்சஸ் துறை எடுத்துக் கொடுத்தது. சுமார் 1,20,000 பேர் முள்வேலி முகாம்களுக்குப் போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். தனி நபர்களின் பெயரைக் கொடுக்கவே இல்லை என்று துறை வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தது. 2007-ல் இரண்டு ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைத் தோண்டினார்கள். 1943-ல் வாஷிங்டனில் வசித்த 79 பேரின் விவரம், பெயர் முகவரியோடு கைமாறியிருந்தது.

இந்த அமெரிக்க சென்சஸின் இனக் கட்டங்களில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1930, 1940 படிவங்களில் 'ஹிந்து' என்பது ஓர் இனம்! மதம் இல்லை, இனம். நீங்கள் சீக்கியராக இருந்தாலும் சரி, ராவுத்தராக இருந்தாலும் சரி, இந்தியாவிலிருந்து போயிருந்தால் இனம் 'ஹிந்து'. 1970-ல் அதே இந்தியர்களை வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்கள். 1980-ல் 'ஏஷியன் இந்தியன்' என்று தனிக் கட்டம் வந்தது. தோலின் நிறம் மாறவில்லை. மாறியது படிவம் மட்டும்தான்.

இதில் ஒரு சுவாரசியம். 1980-ன் தனிக் கட்டம் மேலிருந்து திணித்தது அல்ல. அங்கே குடியேறிய இந்தியர்களே சங்கம் வைத்துக் கேட்டு வாங்கியது. ஏன்? எண்ணப்படாதவனுக்குப் பங்கு கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கறுப்பர்களின் உரிமை அமைப்புகளும் இனக் கட்டத்தை எடுத்துவிடச் சொல்வதில்லை. வேலையில், வாடகை வீட்டில், வாக்குச்சாவடியில் பாகுபாடு நடக்கிறது என்று கோர்ட்டில் நிரூபிக்கப் புள்ளிவிவரம் வேண்டாமா? பிரான்ஸ் நேர் எதிர். அங்கே அரசாங்கக் கணக்கெடுப்பு இனத்தைக் கேட்பதில்லை. கேட்காததால் பாகுபாடு ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. அளக்க வழி இல்லை, அவ்வளவே. இந்த இடத்தில் நம்மூர் சாதிவாரிக் கணக்கெடுப்பு உங்களுக்கு ஞாபகம் வந்தால் தப்பில்லை. அது தனிக் கதை.

சரி, கேமுக்குத் திரும்புவோம்.

2011 ஏப்ரலில் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்குக்குள் திருடர்கள் புகுந்தார்கள். சுமார் 7 கோடியே 70 லட்சம் கணக்குகள். பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் அந்நியர் கைக்கு எட்டின. அந்தப் பட்டியலில் 'இனம்' என்று ஒரு கட்டமும் இருந்திருந்தால்? ஒரு வெறியன் கையில் முகவரியோடு கூடிய இனப் பட்டியல். லென்ட்ஸ் பல வருஷம் உழைத்துச் செய்ததைவிடப் பெரியது. தீ வைத்தாலும் எரியாதது. ஐரோப்பிய யூனியனில் 2018 முதல் நடைமுறைக்கு வந்த தகவல் பாதுகாப்புச் சட்டம், இனத் தகவலை மதம், உடல்நலம் போன்றவற்றோடு சேர்த்துத் தனி வகையாக வைத்து, கையாள்வதற்குக் கடும் நிபந்தனைகள் போட்டிருப்பதன் காரணம் இப்போது புரிகிறதா?

கேட்காமலேயே ஒரு கம்பெனி விளையாடிப் பார்த்தது. 'ரஸ்ட்' என்று ஒரு கேம். 2015-ல் அதைத் தயாரித்தவர்கள், ஆடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தோல் நிறத்தைக் குருட்டாம்போக்கில் ஒதுக்கினார்கள். மாற்றவே முடியாது. வெள்ளைக்காரர் கறுப்பராகக் கண்விழித்தார், கறுப்பர் வெள்ளையராக. சிலர் ரசித்தார்கள். சிலருக்குப் பயங்கரக் கோபம். 'என்னைப் போலவே ஏன் இருக்கக்கூடாது?' என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதையே வருஷக்கணக்காக வேறு சிலர் கேட்டுக்கொண்டிருந்தார்கள், யார் காதிலும் விழவில்லை!

இன்னொரு உதாரணம் 'தி சிம்ஸ் 4'. கறுத்த தோல் நிறங்கள் சரியாகவே இல்லை, சாம்பல் பூசினமாதிரி இருக்கிறது என்று ஆடுகிறவர்கள் கொடி பிடித்தார்கள். 2020 டிசம்பரில் நூறுக்கும் மேற்பட்ட புதிய நிறங்களைச் சேர்த்தது கம்பெனி. இந்த மாற்றத்துக்கு யாருடைய கணக்கிலும் இனத்தைக் குறித்து வைக்கவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. குறையைச் சொன்னார்கள், கேட்டுக்கொண்டார்கள்.

இங்கேதான் விடை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 'உன் பாத்திரம் எப்படி இருக்கவேண்டும்?' என்று கேளுங்கள். ஆயிரம் நிறம் வையுங்கள், சுருட்டை முடியில் இருபது தினுசு வையுங்கள். அது விளையாட்டு. 'நீ யார்?' என்று கேட்பது வேறு. அது பதிவேடு. எத்தனை பேரை விட்டுவிட்டோம் என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசையா? தனியாக ஒரு கருத்துக்கணிப்பு நடத்துங்கள். பெயர் வேண்டாம், கணக்கு எண் வேண்டாம், ஊர் வேண்டாம். விருப்பம் இல்லாதவர் தாண்டிப் போகட்டும். கூட்டிப் பார்த்து மொத்தத்தை எழுதிக்கொண்டு, தாள்களைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

கம்பெனியில் இன்று இருப்பவர் நல்லவராக இருக்கலாம். கம்பெனிகள் கைமாறும். அரசாங்கங்களும் மாறும். அடுத்த முறை ஏதாவது ஒரு படிவம் உங்கள் இனத்தையோ, மதத்தையோ, சாதியையோ கேட்டால், யார் கேட்கிறார்கள் என்று மட்டும் பார்க்காதீர்கள். அவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் யார் உட்காரக்கூடும் என்றும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.